மான்கொம்பும் அளவை நூலும்

ஆழத்தைக் கண்ணால் அளக்க முடியாது என்பது புத்தூரில் வாழ்பவர்களுக்குச் சிறுவயதிலேயே தெரிந்த சங்கதி. நிலாவரைக் கிணற்றின் கரையில் நின்று எட்டிப் பார்ப்பவன் நீலம் பாரித்துக் கிடக்கும் நீரைக் காண்பான், அடியைக் காணான். ஆதலால் அதற்கு அடியே இல்லை என்று ஊர் சொல்லிற்று. இராமபிரான் அம்பினால் உண்டாக்கிய ஊற்று என்று கதையுஞ் சொல்லிற்று. ஈயக்குண்டு கட்டிய நூலை இறக்கிப் பார்த்தவர்களோ, அடி உண்டு என்று கண்டு, அதற்கு ஒரு கணக்குஞ் சொன்னார்கள். கண் எட்டாத இடத்தில் நூல் எட்டிற்று.

நூலும் எட்டாத இடங்கள் உண்டு. காட்டிலே, முந்நூறு அடி தூரத்தில், ஒரு கணம் நின்று மறுகணம் மறையப் போகும் கலைமானின் கொம்பு எத்தனை சாண்? அதன் தலைமேல் நூல் பிடிக்க யாரால் முடியும்? ஆயினும், கொம்பையே பரிசாகக் கருதி வேட்டையாடியவர்கள் இந்த வினாவுக்கு விடை கண்ட பின்னரே விசையை அழுத்தவேண்டியிருந்தது. அவர்கள் கைக்கொண்ட முறைகளைப் படித்தபோது, அவை நம்முடைய அளவை நூலுக்கு எழுதப்பட்ட உரைபோலவே எனக்குத் தோன்றின. வேட்டையை யான் விரும்புபவன் அல்லேன். ஆயினும், தவறாகக் கண்டால் ஓர் உயிர் வீணே போய்விடும் என்ற நிலையில் நின்று காணப் பழகியவனிடம், காட்சியைப் பற்றிக் கற்றுக்கொள்ளச் சில உண்டு.

கொம்பும் கோடும்

முதலிற் சொல்லைத் தெளிந்துகொள்வோம். மருப்பு, கோடு, கொம்பு என்னும் சொற்களை நம் முன்னோர் மாட்டுக்கும் மானுக்கும் யானைத் தந்தத்துக்குங்கூட வழங்கினர். மானினங்களில் மாத்திரம் இருவகைக் கொம்புகள் உள்ளன. இரலையின் கொம்பு கவர்படாதது, முறுக்கேறி நீள்வது, உள்ளே எலும்பும் மேலே நகத்தை ஒத்த உறையும் உடையது, ஆயுள் முழுவதும் நிற்பது. மரை, புள்ளிமான் என்பவற்றின் கொம்போ முழுதும் எலும்பு, கவர்விட்டுக் கிளைப்பது, குறித்த காலத்தில் அற்று வீழ்ந்து மறுபடியும் முளைப்பது. வளருங் காலத்தில் அதன்மேல் இரத்தம் ஓடும் மெல்லிய தோல், பூம்பட்டுப் போலப் போர்த்திருக்கும். வளர்ச்சி முற்றியதும் மான் அதனை மரத்தில் உரைத்துக் கழித்துவிடும்.

மரை என்று யான் சொல்வது, ஈழத்தார் அப்பெயரால் வழங்கும் பெரிய மானை. தமிழகத்தில் அதனைக் கடமான் என்றும் மிளா என்றும் கூறுவர். வன்னியில் மரையடித்தகுளம் என்று ஓர் ஊரே உண்டு.

அகநானூற்றில் உழைமானின் கோட்டுக்கு ‘அறு’ என்னும் அடை வருகின்றது. இலக்கணம் படித்த மாணவர் இதனை இருவகையாகப் பிரிக்கலாம். ‘அறுகின்ற கோடு’ என வினைத்தொகையாகக் கொண்டால், அற்று விழுங் கொம்பு என்பது பொருள். அறுசுவை, அறுமுகம் என்பன போல ‘ஆறு’ என்னும் எண் குறுகியது என்று கொண்டால், ஆறு கிளையுடைய கொம்பு என்பது பொருள். உழை என்பதைப் புள்ளிமான் என்றே பெரும்பாலும் கொள்வர். முதிர்ந்த புள்ளிமான் கலையின் ஒவ்வொரு கொம்பும் மூன்று முனைகளை உடையது. இரண்டுஞ் சேர்ந்து ஆறு. அக்கொம்பு காலந்தோறும் அறுந்தும் விழுகின்றது. ஆகவே எப்படிப் பிரித்தாலும் பொருள் பிழைபடவில்லை. உற்றுக் கண்டவர் வாயிலேயே இத்தகைய சொல் பிறக்கும்.

காதே முழக்கோல்

அளத்தலை நம்மவர் எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என நான்காகப் பகுத்தனர். கொம்பை அளப்பது நீட்டல். ஆனால் கோலை அருகே வைத்து நீட்ட முடியாத நீட்டல். இங்கேதான் மற்றோர் அளவை உதவிக்கு வருகின்றது. அறிவுக்குக் கருவியான அளவைகளை அருணந்தி சிவாசாரியர் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். ஒப்பு என்பதைத் தனி அளவையாகக் கொண்டவர்களும் உளர். பசுவைப் போல இருப்பது ஆமா என்பது ஒப்புக்குத் தருக்க நூலார் காட்டும் பழைய உதாரணம். ஊரில் அறிந்ததைக் கொண்டு காட்டில் அறியாததை அறிதல் என்பது அதன் கருத்து.

வேட்டைக்காரன் செய்வதும் இதுவே. கொம்பின் நீளம் மானுக்கு மான் வேறுபடும். காதின் நீளமோ, வளர்ந்த மான்களில் ஏறக்குறைய ஒரே அளவாக நிற்கும். ஆகவே காது அவனுக்கு முழக்கோல். கொம்பு எத்தனை காது நீளம் என்று மனத்துள் மடித்து மடித்து எண்ணுகின்றான். காதுகளை விரித்து நிற்கும்போது ஒரு காதின் நுனியிலிருந்து மறுகாதின் நுனிவரை உள்ள அகலத்தைக் கொண்டு, இரு கொம்புகளின் இடையகலத்தை அளக்கின்றான். நெற்றிக்கு மேலே முன்னோக்கி வளரும் முதற் கிளையையும், உச்சியிற் பிரியும் கவரையும் தனித்தனியே நோக்குகின்றான். காண்டலும், ஒப்பும், கருதலும் ஒரு மூச்சில் நடந்துவிடுகின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலரை ஹோட்டன் சமவெளிக்கு அழைத்துச் சென்றேன். அங்குள்ள மரைகள் மனிதருக்குப் பழகியவை. புல்வெளியின் ஓரத்தில் ஒரு கலை நின்றது. கொம்பின் நீளம் என்ன என்று வினவினேன். “இரண்டடி இருக்கும் ஐயா” என்றான் ஒருவன். “ஆறடிக்குக் குறையாது” என்றான் மற்றொருவன். காதைக் காட்டி, “அதைக்கொண்டு எண்ணுங்கள்” என்றேன். சிறிது நேரம் வாய் அசையாமல் எண்ணினார்கள். மூன்று காது என்பதில் ஏறக்குறைய எல்லோரும் ஒன்றுபட்டார்கள். காது ஒரு சாண் என்று வைத்துக்கொண்டால் மூன்று சாண். அஃதாவது ஒன்றரை முழம். ஆறடி சொன்னவன் தன் கையை விரித்துத் தானே சாண் போட்டுப் பார்த்துச் சிரித்தான். அளவை நூலிலே மூன்று மாதம் படிப்பித்தும் விளங்காத ஒன்று அந்தப் புல்வெளியில் விளங்கிற்று.

விழுந்தபின் சுருங்குங் கொம்பு

ஐயமுந் திரிபும் காட்சிக்குக் குற்றம் என்பர் நூலோர். தறியோ மகனோ என்று மயங்குவது ஐயம். கயிற்றைப் பாம்பென்று துணிவது திரிபு. கொம்பை மதிப்பவனுக்கு நேரும் திரிபுகளை வேட்டை நூல்கள் விரித்துக் கூறுகின்றன. வானத்தைப் பின்புலமாகக் கொண்டு மேட்டில் நிற்கும் மானின் கொம்பு பெரிதாய்த் தோன்றும். புதரிடையே நிற்பதன் கொம்பு சிறிதாய்த் தோன்றும். முதுகு காட்டி ஓடும் மானின் கொம்பு, முகங்காட்டி நிற்பதிலும் பெரிதாய்த் தெரியும். பூந்தோல் போர்த்த கொம்பு உள்ளதினும் பருத்துக் காணும். இளங்கலை உடல் மெலிந்திருப்பதாற் கொம்பு நீண்டதாய்த் தோன்றும். முதுகலையின் பருத்த கழுத்துக் கொம்பைக் குறுக்கிக் காட்டும். கொம்பின் நீளத்தை வளைவின் வழியே அளத்தல் முறை. தொலைவிலிருந்து பார்க்குங் கண்ணோ வில்லை விட்டு நாணையே அளந்துவிடும்.

இவை யாவற்றிலும் பெரிய திரிபு ஆசை. வேண்டும் என்று எண்ணியவன் கண்ணுக்கு நடுத்தரக் கொம்பும் பெருங்கொம்பே. பொன்மானைக் கண்ட சீதைக்கு நிகழ்ந்ததும் இதுவன்றோ? இளையவன், இப்படியொரு மான் உலகில் இராது என்று கருதலளவையால் தடுத்தான். ஆசை காண்டலையே பற்றி நின்றது. அதன்பின் நடந்ததை யாவரும் அறிவர்.

மேனாட்டு வேட்டைக்காரர் தமக்குள் வழங்கும் பேச்சொன்று உண்டு: மான் நிலத்தில் விழுந்ததும் அதன் கொம்பு சுருங்கிவிடும் என்பது. கொம்பு உண்மையிற் சுருங்குவதில்லை. ஆசை அகன்றதும் கண் தன் அளவுக்கு மீள்கின்றது, அவ்வளவே. ஆனால் கண் மீண்டபோது மானின் உயிர் மீளுவதில்லை. அளவை பிழைத்தால் நம் வகுப்பறையில் ஒரு மதிப்பெண் குறையும். அங்கே ஓர் இளங்கலை மாண்டு கிடக்கும்.

ஒப்புப் பிழைத்தாற் பெயருங்கூடப் பிழைபடும். 19 ஆம் நூற்றாண்டின் நடுவில் நுவரெலியாவில் வாழ்ந்து வேட்டையாடிய சாமுவேல் பேக்கர் முதலிய ஆங்கிலேயர், நம் மரையை ‘எல்க்’ என்று எழுதினர். எல்க் என்பது ஐரோப்பாவின் வடபால் வாழும் வேறொரு பெருமான். அதன் கொம்பு கையை விரித்தாற்போல அகன்றது. மரைக்கோ அத்தகைய அகலம் இல்லை. ஊரில் அறிந்ததைக் கொண்டு காட்டில் கண்டதை அறிய முயன்றார்கள். ஆனால் ஒவ்வாததை ஒப்பாக எடுத்துக்கொண்டார்கள்.

கனடா நாணயத்து மான்

நம்மவர் பலர் இன்று கனடாவில் வாழ்கின்றனர். அந்நாட்டின் 25 சத நாணயத்தில் 1937 முதல் ஒரு மானின் தலை பொறிக்கப்பட்டு வருகின்றது. அது பனிநிலத்தில் வாழும் கரிபூ மான். மானினங்களுள் பெண்ணுக்கும் கொம்பு இயல்பாக வாய்த்தது இதுவொன்றே. பெருங்கலைகள் புணர்ச்சிக் காலம் முடிந்ததும், பனிக்காலத் தொடக்கத்திலேயே கொம்பை உதிர்த்துவிடும். சினைப்பட்ட பிணைகளோ கன்று ஈனும் பருவம்வரை தாங்கி நிற்கும். ஆகவே கொம்புடையது கலை என்னும் நம் நாட்டுத் துணிபு அங்கே செல்லாது.

கரிபூவின் கொம்பை மதிப்பது மிகக் கடினம் என்பர். நெற்றியிலிருந்து மூக்கின்மேல் அகப்பை போல நீளும் ஒரு தட்டு. அதற்குமேல் முன்னோக்கி விரியும் இரண்டாங் கிளை. பின்னோக்கி வில்லாய் வளைந்து எழுந்து மீண்டும் முன்வந்து, உச்சியில் விரல்களாய் விரியும் பெருந்தண்டு. காதை முழக்கோலாகக் கொண்டால் எண்ணி முடியாது. ஆதலால் தோளின் உயரத்தையே கோலாகக் கொள்கின்றனர். கொம்பின் தண்டு அவ்வுயரத்துக்கு ஏறத்தாழ நிகராயின் அது பெருங்கொம்பு.

இலண்டனில் ரோலண்ட் வார்டு என்பவர் உலகின் பெருவிலங்குகளின் கொம்பளவுகளைத் தொகுத்து 1892 இல் ஒரு நூல் வெளியிட்டார். அமெரிக்காவில் 1887 இல் தோன்றிய பூன் அன்ட் குரொக்கெட் கழகம், 1950 இல் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தது. கொம்பை 60 நாள் உலரவிட்டு, தண்டின் நீளம், கிளைகளின் நீளம், சுற்றளவு, இடையகலம் ஆகியவற்றைக் கூட்டி, இருபுறமும் ஒவ்வாத அளவைக் கழித்து எண் சொல்வர். எத்துணை நுட்பமான முறை! ஆயினும் அந்த நுட்பமெல்லாம் மான் இறந்தபின் வருவது. உயிரோடு நிற்கையில் அதற்குத் துணையாவது கண் ஒன்றே.

அளந்தபின் விடுதல்

பெருங்கொம்பையே தேர்ந்து கொல்வதனால் வேறொரு கேடும் உண்டு. கனடாவின் அல்பேட்டா மாகாணத்தில், ராம் மலையில் வாழும் காட்டுச் செம்மறிகளைப் பல்லாண்டு ஆராய்ந்தவர்கள், பெருங்கொம்புக் கடாக்களை வேட்டைக்காரர் தொடர்ந்து எடுத்தமையால், பின்வந்த தலைமுறைகளிற் கொம்பு சிறுத்துவந்தது என 2003 இல் எழுதினர். அச்சிறுமையில் வேட்டையின் பங்கு எவ்வளவு என்பது பின்னர் வாதத்துக்கு உள்ளாயிற்று. ஆனால் உழவருக்கு இது புதிய செய்தியன்று. விதைநெல்லில் மணி பருத்ததை உண்டு, பதரை விதைத்தவன் வயல் என்னாகும்?

இலங்கையில் 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மரைக்கும் மானுக்கும் காவலாய் நிற்கின்றது. இன்று மானைக் கொல்லுதல் குற்றம். அப்படியாயின், கொம்பை மதிக்குங் கலையும் வேட்டையோடு மறையவேண்டுமா? வேண்டியதில்லை. மந்தையில் முதுகலை எத்தனை, இளங்கலை எத்தனை, கொம்பு முளையாத மறி எத்தனை என்று கணக்கெடுக்கும் காட்டாய்வாளருக்கு அதே கண் வேண்டும்.

நம் வகுப்பறைக்கும் அது வேண்டும். தொல்காப்பியர் மரபியலில் இளமைப் பெயர், ஆண்பாற் பெயர், பெண்பாற் பெயர் எனப் பகுத்து வைத்தார். புல்வாய்க்கு இரலையும் கலையும் உரியன, உழைக்கும் கலை உரியது, பெண் பிணை, குட்டி மறி. நம் மாணவர் இவற்றைப் பரீட்சைக்குப் பாடமாக்கி ஒப்புவிக்கின்றனர். பிணையைக் கண்டு பிணை என்று சொல்லத்தக்கவர் அவருள் எத்தனை பேர்? கண்டு வகுத்த பெயர்களைக் காணாமலே படிப்பிக்கின்றோம். காட்சி நீங்கிய சொல், மான் நீங்கிய கொம்பு போலச் சுவரில் தொங்கும், காட்டில் நடவாது.

ஆதலின் ஆசிரிய அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இது. மரபியலைப் படிப்பிக்குமுன் மாணவரை ஒருமுறையேனும் மான் நிற்கும் வெளிக்கு அழைத்துச் செல்லுங்கள். காதைக்கொண்டு கொம்பை அளக்கச் சொல்லுங்கள். அவர் சொல்லும் எண் சற்றே பிழைத்தாலும் குற்றமில்லை. தம் ஆசையை அகற்றிவிட்டு, அறிந்ததொன்றைக் கோலாகப் பிடித்து, பொறுத்திருந்து நோக்கப் பழகினாற் போதும். அளந்தபின் எய்தல் வேட்டைக்காரன் தொழில். அளந்தபின் வணங்கி விடுதல் கற்றவன் கடன்.