பின்னால் போக ஒரு சீட்டு

கல்லங்குறிச்சியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "2011-இல் வாங்கிய ஐபேட் 2 வீட்டில் சும்மா கிடக்கிறது. ஐஓஎஸ் 9.3.5 ஏற்றியதிலிருந்து ஒரு பக்கம் திறக்கவே திணறுகிறது. பழைய ஐஓஎஸ்ஸைத் திரும்பப் போட்டால் வாங்கிய நாளில் இருந்த வேகம் வந்துவிடும் என்று யூடியூபில் சொல்கிறார்கள். நிஜமா? நிஜம் என்றால் அதற்கு ஒரு பொத்தானைக் கம்பெனிக்காரர்களே வைத்திருக்கலாமே?"

முதல் கேள்விக்கு விடை, பாதி நிஜம். இரண்டாவது கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஐபேட் 2 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 2011 ஏப்ரல் 29 அன்று. 16 ஜிபி வைஃபை மாடல் 29,500 ரூபாய். உள்ளே ஏ5 சிப், 512 எம்பி ராம். வரும்போது ஐஓஎஸ் 4.3 இருந்தது, பிறகு 5, 6, 7, 8, 9 என்று வரிசையாக ஏறியது. சிப்புக்கு வயதாகி அது தளர்ந்துவிட்டது என்று பலர் நம்புகிறார்கள். சிப்பின் வேகம் அன்று இருந்ததேதான் இன்றும். ஐஓஎஸ் 7 வந்தபோது திரையின் தோற்றமே மாறியது, பின்னணியில் ஓடும் வேலைகள் கூடின. 512 எம்பி மட்டும் அப்படியே நின்றது. நம் கணினியில் ராம் நிரம்பினால் மிச்சத்தை வட்டில் எழுதிவைத்துக்கொண்டு எப்படியாவது சமாளிக்கும். ஐஓஎஸ் அந்த வழக்கத்தை வைத்துக்கொள்ளவில்லை. இடம் போதாவிட்டால் பின்னால் நிற்கும் ஆப்பைக் கொன்றுவிடும். இன்னொரு டேபுக்குப் போய்த் திரும்பினால் பழைய பக்கம் முதலிலிருந்து இறங்குவது அதனால்தான். இயங்குதளம் குறைவாகச் சாப்பிட்டால் ஆப்புக்கு அதிகம் மிஞ்சும். பழைய ஐஓஎஸ்ஸால் வேகம் வருகிறது என்று சொல்வதில் உள்ள உண்மை இவ்வளவுதான்.

அப்படியானால் பழைய கோப்பைப் பதிவிறக்கி, கேபிளைச் செருகி ஏற்றிவிட வேண்டியதுதானே? கோப்பு இணையத்தில் தாராளமாகக் கிடைக்கிறது. ஐபேட்தான் ஏற்க மறுக்கும். அந்த மறுப்பு நடக்கும் விதம் அத்தனை நேர்த்தியானது. அதைச் சொல்ல நம் ரேஷன் கடையைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

ரேஷன் கடையில் அரிசி மூட்டை கண்ணெதிரே இருக்கும். எடை போடுபவர் நினைத்தால் மட்டும் தந்துவிட முடியாது. ஸ்மார்ட் கார்டைக் காட்ட வேண்டும், விரலை வைக்க வேண்டும், மெஷின் சர்வரைக் கேட்டு "சரி" வாங்க வேண்டும், பில் வர வேண்டும். ஐபேடும் இப்படியே. ஒவ்வொரு சிப்புக்கும் உலகில் வேறெந்தச் சிப்புக்கும் இல்லாத ஓர் எண் உண்டு. அதை இசிஐடி என்பார்கள். மென்பொருளை ஏற்றும் நேரத்தில் அந்த எண்ணோடு, ஏற்றப்போகும் ஒவ்வொரு பகுதியின் ஹேஷ் அடையாளத்தையும் சேர்த்து ஆப்பிளின் சர்வருக்கு அனுப்புகிறார்கள். சர்வர் தன்னிடம் மட்டுமே இருக்கும் ரகசியச் சாவியால் கையொப்பமிட்டு ஒரு சீட்டைத் திருப்பி அனுப்பும். சிப் வார்க்கப்படும்போதே அதில் பதிக்கப்பட்ட பூட்ரோம் என்னும் சிறு நிரல், அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் பொதுச்சாவியை வைத்திருக்கிறது. பூட்ரோம் அடுத்த நிலையைச் சோதிக்கும், அது அதற்கடுத்ததைச் சோதிக்கும், கடைசியில்தான் ஐஓஎஸ் கண் விழிக்கும். என் கார்டுக்குப் போட்ட பில்லில் நீங்கள் பருப்பு வாங்க முடியாது. என் ஐபேடின் சீட்டு உங்கள் ஐபேடில் செல்லாது. ரேஷன் பில்லில் "துவரம்பருப்பு 1 கிலோ" என்றுதான் இருக்கும், எந்தப் பருப்பு என்று இருக்காது. இங்கே ஒவ்வொரு பருப்புமணியும் இன்னதுதான் என்று பில்லிலேயே எழுதியிருக்கிறது. ஒரு மணி மாறினாலும் பில் செல்லாது.

இனி மாதக் கணக்கு. போன மாதத்துச் சர்க்கரையை இந்த மாதம் கேட்டால் கிடைக்காது. மூட்டை இருக்கும், சர்வரில் ஒதுக்கீடு இருக்காது. புதிய ஐஓஎஸ் வெளிவந்த சில நாட்களில் அல்லது வாரங்களில் முந்தையதற்குக் கையொப்பமிடுவதை ஆப்பிள் நிறுத்திவிடுகிறது. கோப்பு நம் கையில் இருக்கும், சீட்டுதான் வராது. போன மாதம் வாங்கிய பில்லைப் பத்திரமாக வைத்திருந்து இந்த மாதம் நீட்டினால்? அதையும் யோசித்துவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் கருவி புதிதாக ஒரு தற்செயல் எண்ணை உருவாக்கி விண்ணப்பத்தில் சேர்க்கிறது. சீட்டில் அதே எண் இருந்தால்தான் ஏற்கும். நம் செல்போனுக்கு வரும் ஓடிபியைப் போல அந்த எண் ஒரு முறைக்கு மட்டும். பழைய சீட்டு அசலாகவே இருக்கலாம், கையொப்பமும் மெய்யாகவே இருக்கலாம், எண் பொருந்தாது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கருவிக்கு ஒரு சீட்டு என்னும் ஏற்பாடு 2009-இல் ஐபோன் 3ஜிஎஸ்ஸோடு வந்தது. ஆப்பிள் அனுமதிக்காத ஆப்களை நிறுவ உதவும் சிடியா மென்பொருளை எழுதிய ஜே ஃப்ரீமன் அதே ஆண்டில் ஊராருடைய சீட்டுகளைத் தன் சர்வரில் சேமித்துத்தர ஆரம்பித்தார். 2011-இல் ஐஓஎஸ் 5 அந்தத் தற்செயல் எண்ணைக் கொண்டுவந்து அந்த வழியை அடைத்தது. 2019 செப்டம்பரில் ஆக்ஸியோமெக்ஸ் என்ற புனைபெயருக்காரர் ஏ5 முதல் ஏ11 வரையிலான சிப்புகளின் பூட்ரோமிலேயே ஒரு ஓட்டையை வெளியிட்டார். செக்மேட் என்று அதற்குப் பெயர். பூட்ரோம் வார்ப்பிலேயே உறைந்தது. எந்த அப்டேட்டாலும் அந்த ஓட்டையை அடைக்க முடியாது.

இப்போது ஐபேட் 2-க்கு வருவோம். கணக்குப்படி அதற்குக் கிடைக்க வேண்டியது கடைசி ஐஓஎஸ்ஸுக்கான சீட்டு மட்டுமே. ஆனால் 6.1.3, 8.4.1 என்ற இரண்டு பழைய ஐஓஎஸ்களுக்கு, அவற்றின் காலம் முடிந்து பல ஆண்டுகள் கழித்தும் ஆப்பிளின் சர்வர் கையொப்பமிட்டுக்கொண்டே இருந்தது. (6.1.3 ஐபேட் 2-இன் எல்லா உள்வகைகளுக்கும் பொருந்தாது.) ஏன்? ஐஓஎஸ் 5-லேயே தங்கிவிட்ட ஒரு கருவி, கம்பி இல்லாமல் வைஃபை வழியாக அப்டேட் கேட்டால், ஒரே தாவலில் 9-க்குப் போக அதற்குத் தெரியாது. நடுவில் கால் ஊன்ற ஒரு படி வேண்டும். அந்தப் படிகள்தாம் இவை. மாதக்கணக்கில் ஊரில் இல்லாத அட்டைதாரர் திரும்பி வந்தால் கணக்கை நேர்செய்ய வேண்டுமே என்று ஒரு பழைய மாதத்தின் பதிவேட்டை மூடாமல் வைத்திருப்பது போன்ற ஏற்பாடு.

ஒரு சிக்கல் மிச்சம் இருக்கிறது. அந்தச் சீட்டு வைஃபை வழி அப்டேட்டுக்கு மட்டுமானது. முதியவர்களுக்கு ரேஷன் பொருளை வீட்டு வாசலிலேயே தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது அல்லவா? அப்படி வாசலுக்கு வரும் பொருளுக்கு எழுதிய பில் இது. அதைக் கடைக் கவுண்டரில் நீட்டினால் கவுண்டரின் முறை வேறு, பில்லில் உள்ள விவரம் வேறு. கேபிள் வழியாக ஏற்றும்போது முதலில் ஓடவேண்டிய நிறுவல் நிரலின் ஹேஷ் அந்தச் சீட்டில் இல்லை. ஆகவே கவுண்டரில் இருப்பவரைச் சில நிமிடங்கள் சோதிக்காமல் இருக்கச் செய்ய வேண்டும். அதற்கு இரண்டு வழிகள். ஒன்று, 9.3.5-ஐ ஜெயில்பிரேக் செய்து, அதாவது ஆப்பிளின் கட்டுப்பாடுகளை உடைத்து, ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பின் உள்ளிருந்தே திருத்திய துவக்க நிரலுக்குத் தாவுவது. இன்னொன்று செக்மேட். ஏ5 சிப்பில் அதைச் செய்யச் சாதாரணக் கணினி போதாது. யுஎஸ்பி உரையாடலைப் பாதியில் முறிக்க வேண்டும். கணினியின் யுஎஸ்பி மென்பொருள் தொடங்கிய உரையாடலை முறைப்படி முடித்தே தீரும். அதனால் ஆர்டுயினோ பலகையில் யுஎஸ்பி ஹோஸ்ட் ஷீல்டு ஒன்றை மாட்டிச் செய்கிறார்கள்.

இதில் என்னை மயக்குவது கடைசிக் கட்டம். குறுக்கு வழி நிறுவும் நேரத்துக்கு மட்டும்தான். உள்ளே போய் உட்கார்ந்த 8.4.1 ஆப்பிளே எழுதியது, ஆப்பிளின் சர்வரே அந்த ஒரு ஐபேடுக்கென்று கையொப்பமிட்டது. மறுபடி அணைத்துப் போட்டாலும் பூட்ரோம் சோதித்து, எல்லாம் சரி என்று தானாகவே திறந்துவிடும். ஒவ்வொரு முறையும் கணினியில் செருகி எழுப்ப வேண்டியதில்லை. லெகசி ஐஓஎஸ் கிட் என்ற இலவசக் கருவி இந்தப் படிகளை எல்லாம் ஒன்றாகக் கோத்து வைத்திருக்கிறது.

எந்த ஐஓஎஸ்ஸுக்குப் போவது? யூடியூப்காரர்கள் பெரும்பாலும் 6.1.3-ஐக் காட்டுவார்கள். வேகத்துக்கு அதுதான் சிறந்தது, மறுக்கவில்லை. தமிழில் எழுத நினைப்பவருக்கு அது உதவாது. தமிழ்99, அஞ்சல் என்ற இரு விசைப்பலகைகளும் ஐஓஎஸ்ஸின் உள்ளேயே வந்தது ஐஓஎஸ் 7-இல், 2013-இல். முரசு அஞ்சலை உருவாக்கிய மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் உழைப்பு அதன் பின்னால் இருக்கிறது. ஆப்பிள் கருவிகளில் தமிழைக் காட்டும் தமிழ் சங்கம் எம்என் எழுத்துருவும் அவர் வடித்ததே. 6.1.3-க்குப் போனால் தமிழ் படிக்கலாம், உள்ளமைந்த விசைப்பலகையில் எழுத முடியாது. இன்னொன்று, பிடிஎஃப் படிக்க உதவும் ஐபுக்ஸ் ஆப் ஐஓஎஸ் 8-இலிருந்துதான் கூடவே வருகிறது. 6-இல் அதை ஆப் ஸ்டோரிலிருந்து இறக்க வேண்டும், பழைய ஐஓஎஸ்ஸில் ஆப் ஸ்டோருக்குள் நுழைவதே பெரும்பாடு. ஆகவே என் தீர்ப்பு 8.4.1. 9.3.5-ஐவிட இலகுவாக இருக்கும். வாங்கிய நாளின் வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம்.

"புத்தம்புதுசாக மாறும்" என்ற தலைப்புகள் சொல்லாமல் விடும் விஷயம் ஒன்று உண்டு. 9.3.5 வெறும் எண்ணிக்கைக்காக வந்த அப்டேட் அல்ல. 2016 ஆகஸ்டில், ஐக்கிய அரபு அமீரகத்தின் மனித உரிமைப் போராளி அகமது மன்சூரின் போனுக்கு வந்த ஓர் இணைப்பைச் சிட்டிசன் லேப் ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்தபோது பெகாசஸ் உளவு மென்பொருள் வெளிப்பட்டது. அது பயன்படுத்திய மூன்று ஓட்டைகளை அடைக்கத்தான் 9.3.5 வந்தது. பின்னால் போகிறவர் அந்த மூன்றையும் தன் கையாலேயே திறக்கிறார். வங்கி ஆப், ஜிபே, மெயில் எதுவும் அந்த ஐபேடில் இருக்கக் கூடாது. உலாவவும் பெரிதாக முடியாது. பல இணையதளங்கள் நம்பியிருக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களைத் தாங்கிநின்ற பழைய மூலச்சான்றிதழ் 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியாயிற்று. அதற்கு மாற்றான புதியதை ஐஓஎஸ் 10-க்கு முந்தைய கருவிகளுக்குத் தெரியாது. ஏராளமான தளங்கள் "நம்பத்தகாதவை" என்று நின்றுவிடும். 9.3.5-இலும் இதே கதிதான், எனவே பின்னால் போவதால் இந்த வகையில் புதிதாக இழப்பது எதுவுமில்லை.

மிஞ்சுவது வாசிப்பு. அது சிறிய விஷயம் என்று நான் நினைக்கவில்லை. மதுரைத் திட்டம் 1998 முதல் மின்னாக்கிவரும் நூல்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், பள்ளிப் பாடநூல்கள் எல்லாம் பிடிஎஃப்பாகக் கிடைக்கின்றன. வேறொரு கணினியில் இறக்கி, கேபிள் வழியாக ஐபுக்ஸுக்குள் தள்ளினால் போதும், இணையமே வேண்டாம். கல்லங்குறிச்சிக்காரர்களுக்குத் தனியாக ஒரு பரிந்துரை. உங்கள் ஊரின் பெயரைச் சுமார் 7 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய சுண்ணாம்புக்கல் அடுக்கு ஒன்றுக்குப் புவியியலாளர்கள் சூட்டியிருக்கிறார்கள். கிரைஃபியா என்னும் வளைந்த சிப்பிகள் அதில் குவிந்து கிடக்கின்றன. இந்த வட்டாரத்துப் பாறைகளைப் பற்றி 1860-களில் புவியியலாளர் பிளான்ஃபோர்டு எழுதிய அறிக்கையும், புதைபடிவங்களை ஆய்வாளர் ஸ்டோலிச்கா படம் படமாக விவரித்த தொகுதிகளும் ஸ்கேன் நகலாக இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே பெரிய கோப்பாகக் கொடுத்தால் 512 எம்பி ராம் மூச்சு முட்டும். ஐம்பது ஐம்பது பக்கங்களாகப் பிரித்து ஏற்றுங்கள்.

ஆண்ட்ராய்டு டேப்லெட் வைத்திருப்பவர்களுக்குக் கதை வேறு. சாம்சங் கருவிகளில் பதிப்பு எண்ணை நினைவில் வைப்பது சர்வர் இல்லை, சிப்பினுள் இருக்கும் நுண்ணிய ஃப்யூஸ்கள். குறிப்பிட்ட சில அப்டேட்களின்போது ஒரு ஃப்யூஸ் எரிக்கப்படும். எரிந்த ஃப்யூஸைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. மென்பொருள் பெயரின் கடைசியிலிருந்து ஐந்தாவது எழுத்து அந்த எண்ணைச் சொல்லும். அது உங்கள் டேப்லெட்டில் இருப்பதைவிடக் குறைவாக உள்ள கோப்பை ஏற்ற முயலாதீர்கள். யாரிடம் கேட்டாலும் அதற்குச் சீட்டு கிடைக்காது.

கம்பெனிக்காரர்களே ஒரு பொத்தான் வைக்கக் கூடாதா என்ற கேள்விக்கு வருகிறேன். விற்பனையில் இருக்கும் கருவிக்குப் பழைய மென்பொருளை மறுப்பதில் நியாயம் இருக்கிறது; திருடியவர் ஓட்டையுள்ள பதிப்பை ஏற்றிப் பூட்டை உடைப்பதை அது தடுக்கிறது. ஆதரவு முடிந்து, இனி அப்டேட்டே வராது என்று ஆன பிறகு அந்த நியாயம் வெகுவாகத் தேய்ந்துவிடுகிறது. அப்போது, கருவியின் உரிமையாளர் தன் கணக்கில் நுழைந்து கேட்டால், எந்தப் பதிப்புக்கும் கையொப்பமிட்டுத் தர வேண்டும். சர்வர் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கிறது, இரண்டு பழைய பதிப்புகளுக்கு அது செய்தும் காட்டியிருக்கிறது. இந்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் பழுதுபார்க்கும் உரிமை பற்றிப் பேசத் தொடங்கியபோது உதிரி பாகமும் கையேடும் முன்னால் வந்தன. இந்தக் கையொப்பத்தையும் ஓர் உதிரி பாகமாகவே கருத வேண்டும் என்பேன்.

வேலையில் இறங்குவதற்கு முன் ஐபேடில் உள்ள ஆப்பிள் ஐடியின் கடவுச்சொல் நினைவிருக்கிறதா என்று பாருங்கள். ஏற்றும்போது உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும். முடிந்ததும் கருவி ஆப்பிளிடம் போய்த் தன்னை இயக்கிக்கொள்ள அனுமதி கேட்கும், பழைய கணக்கோடு பூட்டப்பட்டிருந்தால் அங்கேயே நின்றுவிடும். அதற்கும் முன்னால் ஐபேடை மேசைமேல் படுக்கவைத்துப் பக்கவாட்டில் நோட்டமிடுங்கள். திரையின் ஓரம் சட்டத்தை விட்டுச் சற்றே எழும்பியிருந்தால் உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது. அப்படியென்றால் சார்ஜ் போடாதீர்கள், கேபிளைச் செருகாதீர்கள். முதலில் பேட்டரியை மாற்றத் தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோங்கள்.