கசடைக் கொட்டாதீர்கள்!

கழிவுநீருக்குள் விடாமல் காற்றைச் செலுத்தினால் அது தெளிந்துவிடும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இது தெரிந்திருந்தும் பயன்படவில்லை. அதற்குப் பிடித்த காலம் அப்படி. இங்கிலாந்தில் மான்செஸ்டரின் கழிவுநீரை வைத்து எட்வர்ட் ஆர்டர்ன், வில்லியம் லாக்கெட் இருவரும் செய்த சோதனையில், முதல் தடவை முழுதாகச் சுத்தமாக ஏறக்குறைய ஐந்து வாரம் ஆனது.

அடுத்த தடவை அவர்கள் சோதனை செய்த பாட்டிலைக் கழுவவில்லை. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய பழுப்புக் கசடின் மேலேயே புதுக் கழிவுநீரை ஊற்றினார்கள். திரும்பத் திரும்ப இப்படிச் செய்ததில் ஐந்து வாரம் சில மணி நேரமாகச் சுருங்கியது. 1914 ஏப்ரலில் முடிவை அறிவித்தார்கள். அவர்களுக்கு வழிகாட்டிய கில்பர்ட் ஃபௌலர், 1916-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்குப் பேராசிரியராக வந்து சேர்ந்தார்.

அந்தக் கசடுதான் உறைமோர். கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் பசைபோன்ற பொருளைச் சுரந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட திரள் அது. கழிவிலுள்ள கரிமப் பொருளைத் தின்று, கொஞ்சத்தைக் கார்பன் டை ஆக்சைடாக்கி, மீதியைத் தங்கள் உடம்பாக்கிக்கொள்கின்றன. அம்மோனியாவைக் கவனிப்பவை வேறு வகை. நைட்ரோசோமோனாஸ் அதை நைட்ரைட்டாக்க, நைட்ரோஸ்பைரா போன்றவை நைட்ரேட்டாக மாற்றுகின்றன. இவை மிக மெதுவாகப் பெருகுபவை. கசடைக் கொட்டிவிட்டால் முதலில் காணாமல் போவதும் இவைதான். பிறகு காற்றில்லாத தொட்டியில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டிலிருந்து ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு, நைட்ரஜனை வாயுவாக வெளியேற்றுகின்றன. திரளில் சேராமல் மிதக்கும் பாக்டீரியாக்களை வோர்டிசெல்லா போன்ற ஒருசெல் உயிரிகள் விழுங்க, நீர் இன்னும் தெளிகிறது.

தின்றால் மட்டும் போதாது, அடியில் படியவும் வேண்டும். இழை இழையாக வளரும் பாக்டீரியாக்கள் மிஞ்சிவிட்டால் கசடு பஞ்சுபோல உப்பி, வெளியேறும் நீரோடு போய்விடும். தேவைக்கு மேல் சேரும் கசடும் வீணில்லை. காற்றுப் புகாத கலனில் வேறு நுண்ணுயிர்கள் அதை மீத்தேனாக்குகின்றன. சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் அதிலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள்.

இப்போது பெரிய அடுக்ககங்களிலும் இப்படிக் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் தொட்டிகள் உண்டு. மின்கட்டணத்துக்குப் பயந்து இரவெல்லாம் காற்றைச் செலுத்தும் புளோயரை நிறுத்துவதும், பிளீச்சிங் பவுடரையும் ஆசிட்டையும் அளவில்லாமல் கொட்டுவதும் அங்கே நடக்கிறது. நுண்ணுயிர்கள் செத்து நாற்றம் கிளம்பியதும் இயந்திரத்தைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் அதற்கு மருந்து புது இயந்திரமல்ல; நன்றாக ஓடும் இன்னொரு நிலையத்திலிருந்து ஒரு டேங்கர் கசடு.