நீர் திரும்பினால் நிலம் திரும்பும்: புனே காட்டும் பாடம்

நிலத்துக்குத் தமிழில் இலக்கணம் சொன்னவர் தொல்காப்பியர். நிலத்தைப் பிரித்துப் பெயரிட்டதோடு அவர் நிற்கவில்லை. அந்தந்த நிலத்துக்குரிய தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றையும் கருப்பொருள் என்று சேர்த்தே சொன்னார். நிலமும் பொழுதும் முதற்பொருள். மனிதன் உண்பதும் உழைப்பதும் அதைத் தொட்டுப் பிறப்பவை. இளங்கோவடிகள் இன்னும் ஒரு படி மேலே போனார். முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு கெட்டுப் பாலையாக மாறுவதைச் சிலப்பதிகாரத்தின் காடுகாண் காதையில் காட்டினார். ஆகவே திணை என்பது நிலையானதல்ல, மாறக்கூடியது என்பது நம் முன்னோர் அறிந்த செய்தியே.

அடியேன் கல்லூரிப் படிப்புப் படித்தவனல்லன். திண்டிவனம் பக்கத்தில் ஏரிப்பாசனத்தை நம்பி வாழ்ந்த சமண விவசாயக் குடும்பத்திலிருந்து 1981-இல் புனேவுக்கு வந்தவன். வெல்லம், புளி, மிளகாய் வியாபாரம். வியாபாரிக்கு ஒரு பழக்கம் உண்டு. சரக்கு எங்கேருந்து வருது, ஏன் வருது, ஏன் நின்னு போச்சுன்னு கேட்டுக்கிட்டே இருப்பான். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால், இந்த ஊரில் அது தண்ணீரில்தான் கொண்டுபோய் விடும். புனேயில் தண்ணீர் மூன்று முறை திருப்பப்பட்டது. மூன்று முறையும் நிலமும் தொழிலும் மனிதரும் மாறினார்கள். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதல் திருப்பம்: பேஷ்வா காலம்

பதினெட்டாம் நூற்றாண்டில் பேஷ்வாக்களின் தலைநகரமான பிறகு புனே விரைந்து பெருத்தது. வாரத்தின் ஏழு நாள் பெயரிலும் இங்கே பேட்டைகள் உண்டு என்பதை வாசகர் அறிவர். அத்தனை பேருக்கும் குடிநீர் வேண்டுமே? நானாசாகேப் பேஷ்வா, 1750-ஐ ஒட்டிய ஆண்டுகளில், நகருக்குத் தெற்கே காத்ரஜில் ஏரி அமைத்து, அங்கிருந்து நிலத்தடிக் கல் கால்வாய் வழியாகத் தண்ணீரைச் சனிவார் வாடா அரண்மனைக்கும் தெருத் தொட்டிகளுக்கும் கொண்டுவந்தார். அந்தத் தொட்டிக்கு மராத்தியில் ‘ஹௌத்’ என்று பேர். இன்றைக்கும் ‘பட்கே ஹௌத்’ என்று ரிக்‌ஷாக்காரரிடம் சொன்னால் கொண்டுபோய் விடுவார். அந்தத் தொட்டியை நம்பிக் குடிநீர் எடுப்பவர்தான் இல்லை.

அதே காலத்தில் நகருக்குள் ஓடிய ஆம்பில் ஓடையும் திசை திருப்பப்பட்டது. பழைய தடத்தில் வீடுகள் எழுந்தன. தண்ணீர் வந்த இடத்தில் குடிகள் வந்தனர். குடிகளின் தொழில் தெருவுக்குப் பெயராயிற்று. செம்புப் பாத்திரம் அடிப்பவர் தெரு தாம்பட் ஆளி. மூங்கில் கூடை முடைபவர் தெரு புருட் ஆளி. ‘ஆளி’ என்றால் நம்ம ஊர் ‘சேரி’, ‘தெரு’ மாதிரி.

ஓடையைத் திருப்பலாம், அதன் வேகத்தை அழிக்க முடியாது. 2019 செப்டம்பர் 25 இரவு பெய்த பெருமழையில் ஆம்பில் ஓடை பொங்கி, கரையோரக் குடியிருப்புகளில் பலர் உயிரிழந்தது நாம் பார்த்த துயரம்.

இரண்டாம் திருப்பம்: கால்வாய்

சகியாத்திரி மலை முகட்டில் மழை கொட்டும். கிழக்கே போகப் போக மழை குறையும். தௌண்ட், பாராமதி, இந்தாபூர் பக்கமெல்லாம் மழை மறைவுப் பிரதேசம். கம்பும் சோளமுமே அங்கு விளைச்சல். 1875 மே மாதம் சுபே என்ற ஊரில் குடியானவர்கள் லேவாதேவிக்காரர் வீடுகளில் புகுந்து கடன் பத்திரங்களைப் பறித்துக் கொளுத்தினார்கள். தக்காணக் கலவரம் என்று வரலாறு சொல்வது இதைத்தான். கடை வைத்திருப்பவன் என்ற முறையில் எனக்குக் கசக்கிற செய்திதான். ஆனாலும் மழை பொய்த்த பூமியில் கடனைத் தவிர வேறென்ன விளையும்? அடுத்த ஆண்டே, 1876-இல், பெரும் பஞ்சம் தொடங்கியது.

இந்தக் காலத்தில்தான் பைஃப் என்ற ஆங்கிலப் பொறியாளரின் திட்டப்படி முத்தா நதியின் குறுக்கே கடக்வாஸ்லா அணை எழுந்தது. (பிற்காலத்தில், 1903-இல், விஸ்வேஸ்வரய்யா தாம் கண்டுபிடித்த தானியங்கி மதகுகளை முதலில் பொருத்தியதும் இதே அணையில்தான்.) அணையிலிருந்து வலதுகரைக் கால்வாய் ஊரைக் கடந்து ஹடப்சர், லோணி என்று கிழக்கே ஓடிற்று. கம்பு விளைந்த மண்ணில் கரும்பு நின்றது. முல்லை மருதமாயிற்று என்று நம் பாஷையில் சொல்லலாம்.

கரும்பு வந்தால் ‘குர்ஹாள்’ வரும். அதாவது நம்ம ஊர் வெல்லம் காய்ச்சுகிற ஆலைக் கொட்டகை. அடுப்பு எரிப்பவர், பாகு பதம் பார்ப்பவர், வண்டிக்காரர், தரகர் என்று ஒரு பயிர் பத்துத் தொழிலைக் கூட்டிவரும். பவானி பேட், நானா பேட் மண்டிகள் அப்படித் தழைத்தவை. மூட்டை தூக்கிய ஹமால்கள் பெரும்பாலும் வறண்ட கிராமங்களை விட்டு வந்தவர்கள். 1972 பஞ்சம் இன்னும் பலரைத் தள்ளிக்கொண்டு வந்தது. அவர்களுக்காகத்தான் பாபா ஆடாவ் 1955-லேயே ஹமால் பஞ்சாயத்து என்ற சங்கத்தைத் தொடங்கியிருந்தார். தண்ணீர் போன ஊரில் வெல்லம் விளைந்தது; தண்ணீர் போகாத ஊரிலிருந்து அதைச் சுமக்கத் தோள் வந்தது. இந்த ஒரு வரியை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, மண்டி வாசலில் கண்டேன்.

மூன்றாம் திருப்பம்: குழாய்

1961 ஜூலை 12 அன்று பான்ஷேத் அணை உடைந்து, கடக்வாஸ்லாவும் உடைந்து, நகரின் ஆற்றோரப் பேட்டைகள் மூழ்கின. வீடிழந்தவர்களுக்காக எழுந்த புதுக் குடியிருப்புகளால் நகரம் பழைய எல்லையைத் தாண்டியது. அப்புறம் பிம்ப்ரி, சிஞ்ச்வட் தொழிற்சாலைகள். 1990களின் இறுதியிலிருந்து ஹிஞ்சவடி மென்பொருள் பூங்கா. நம் தமிழ்ப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கியது இந்த அலையில்தான்.

இத்தனை பேருக்கும் தண்ணீர் அதே அணைகளிலிருந்துதான். கடக்வாஸ்லா, பான்ஷேத், வரஸ்காவ், டேம்கர் நான்குக்கும் சேர்த்துக் கொள்ளளவு சுமார் 29 டி.எம்.சி. கால்வாய்க்குப் போனதில் பெரும்பங்கு குழாய்க்குத் திரும்பிற்று. எவ்வளவு எடுக்கலாம் என்று நீர்ப்பாசனத் துறைக்கும் மாநகராட்சிக்கும் இழுபறி. கோடையில் ஒரு சுற்றுத் தண்ணீருக்காக தௌண்ட், இந்தாபூர் விவசாயிகள் காத்திருப்பு.

ஹடப்சரில் மகர் குலத்தார் நிலம் ஏறக்குறைய 400 ஏக்கர். நூற்றிருபதுக்கு மேற்பட்ட குடும்பங்கள். நகரம் நெருக்கி வந்தபோது நிலத்தைத் துண்டு துண்டாக விற்காமல், சதீஷ் மகர் தலைமையில் கம்பெனி அமைத்து, நிலத்தின் அளவுக்கேற்பப் பங்கு பிரித்துக்கொண்டார்கள். 2000-ஆம் ஆண்டையொட்டி எழுந்த மகர்பட்டா நகரம் அது. கரும்புக்காரர் பங்குதாரர் ஆனார். மெச்சத்தக்க ஏற்பாடுதான். ஆனால் ஏரும் நிலமும் இல்லாமல் அந்தக் கரும்பை வெட்டியவருக்கு எந்தக் கணக்கில் பங்கு கிடைக்கும்? நிலம் மாறும்போது பத்திரம் உள்ளவன் கூடவே மாறிக்கொள்கிறான். உழைப்பு மட்டும் உள்ளவன் இடம் மாறுகிறான்.

மாஞ்சரியில் 1975-இல் கரும்பு ஆராய்ச்சிக்கென்றே நிறுவிய வசந்த்தாதா நிறுவனம் இருக்கிறது. 2021-இல் மாநகராட்சியில் சேர்த்த 23 கிராமங்களில் அந்த ஊரும் ஒன்று. இப்போது அங்கே கட்டடங்கள்தான் பயிர். வெல்லம் வேண்டுமென்றால் தௌண்ட் தாலுகா கேட்காவ் பக்கம் போக வேண்டும்.

நமக்கு இதில் என்ன?

‘வந்தேறியவங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?’ என்று சிலர் கேட்பர். நம் வீட்டுக் குழாயில் வருவது ஹடப்சர் கரும்பு குடித்த தண்ணீர். நாம் பயன்படுத்தி விட்டது முளா முத்தாவில் கலந்து, பீமாவில் சேர்ந்து, உஜனி அணைக்குப் போகிறது. பீமா கிருஷ்ணையில் சேர்கிறது. கிருஷ்ணைத் தண்ணீரில் மகாராஷ்டிரம் உள்ளிட்ட மூன்று மாநிலங்கள் ஆளுக்கு 5 டி.எம்.சி. விட்டுக்கொடுத்த ஏற்பாட்டால்தான் தெலுங்கு கங்கை வழியே 1996-இல் சென்னைக்குக் குடிநீர் வந்தது. இங்கே சாக்கடையில் விடுவதில் ஒரு துளியாவது நம் சொந்தக்காரர் வீட்டுத் திசையில்தான் போகிறது. காவிரிக் கடைமடையின் கஷ்டம் தெரிந்த நாம், முத்தாவின் கடைமடையை மறப்பது நியாயமில்லை.

முண்டவாவில் சுத்திகரித்த கழிவுநீரைப் பழைய கால்வாய்க்கு ஏற்றி வயலுக்கு அனுப்பும் திட்டம் இருக்கிறது. அது முழுமையாகவும் தூய்மையாகவும் நடக்க வேண்டும். நம் அடுக்குமாடிச் சொசைட்டிகளின் சுத்திகரிப்பு இயந்திரம் உண்மையில் ஓடுகிறதா என்று அடுத்த கூட்டத்தில் கேட்க நமக்கு உரிமை உண்டு, கடமையும் உண்டு. எடுத்ததை நல்லபடியாகத் திருப்பித் தருவதுதான் வியாபார தர்மம். தண்ணீருக்கும் அதே கணக்குத்தான்.