தலைவலிக்கு இங்கே மருந்து கிடையாது

ரங்கூன் என்றால் நமக்குத் தேக்கும் செட்டிநாட்டு வீடுகளும்தான் நினைவுக்கு வரும். இன்று செல்போன் செயலிகளில் சந்தா கட்டிப் பழகுகிற மைண்ட்ஃபுல்னெஸ் தியானத்திலும் பர்மாவுக்குப் பெரிய பங்குண்டு.

மாண்டலேயில் 1924-ல் பிறந்த சத்யநாராயண கோயங்கா மார்வாரித் தொழிலதிபர். இளம் வயதிலேயே பணமும் செல்வாக்கும் வந்துவிட்டன. கூடவே ஒற்றைத் தலைவலியும். மார்ஃபின் ஊசி போட்டால்தான் அடங்கும். ஊசிக்கே அடிமையாகிவிடுவாரோ என்று டாக்டர்கள் பயந்தார்கள். ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் என்று வைத்தியம் தேடி அலைந்தும் பலனில்லை. கடைசியில் நண்பர் சொல்லி, தியான ஆசிரியர் ஊ பா கின்னிடம் போனார். தலைவலி தீர்வதற்காக என்றால் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் அவர். மனதைச் சுத்தம் செய்துகொள்ள வந்தால் சரி. தலைவலி போனால் அது உபரி.

ஊரே மதிக்கும் பணக்காரர் வாசலில் வந்து நிற்கிறார், அவரிடம் இப்படிச் சொல்ல ஒரு துணிச்சல் வேண்டும். அதைவிட, அதில் இருக்கும் நியாயம்தான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. நிம்மதி வந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பவர் இந்த நிமிடத்தில் இல்லை. பலனை எதிர்பார்த்து அடுத்த நிமிடத்தில் போய் நிற்கிறார். மன அமைதிக்கு உத்தரவாதம் தரும் இன்றைய விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

1955-ல் கோயங்கா ஊ பா கின்னின் பத்து நாள் முகாமில் சேர்ந்தார். இரண்டாம் நாளே ஓடிவிட நினைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். ஆச்சரியமில்லை. அதே முறையில் இன்றும் நடக்கிற விபாசனா தியான முகாம்களில் (சென்னையை அடுத்த திருமுடிவாக்கத்திலும் ஒரு மையம் உண்டு) விடியற்காலை 4 மணிக்கு மணி அடித்துவிடும். பேச்சு கிடையாது, புத்தகம் கிடையாது, செல்போனை ஒப்படைத்துவிட வேண்டும். முதல் மூன்று நாளும் ஒரே வேலைதான்: மூக்கருகே மூச்சு வருவதையும் போவதையும் கவனிப்பது. மந்திரம் இல்லை, இழுத்துப் பிடிக்கும் பிராணாயாமமும் இல்லை. நாலு மூச்சு போவதற்குள் மனம் பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டப் போய்விடும். மைத்துனரோடு போட்ட பழைய சண்டையைப் புதுப்பிக்கும். போனது தெரிந்ததும் திரும்பி வர வேண்டும். நம்மை நாமே திட்டிக்கொள்ளக் கூடாது.

நாலாம் நாளிலிருந்து அதே கவனம் உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை. முழங்கால் விண்ணென்று வலிக்கும். வலி என்று மொத்தமாகப் பேர் வைத்திருந்தது சூடாக, குத்தலாக, துடிப்பாக, கணத்துக்குக் கணம் மாறுவது தெரியவரும். எப்போது தீருமோ என்ற தவிப்பு அதன்மேல் நாம் ஏற்றிவைத்த சுமை என்பதும் தெரியும். 1979-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில், நாள்பட்ட வலியோடு வந்தவர்களுக்கு ஜான் கபாட்-ஜின் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சியாகக் கற்றுக்கொடுத்ததிலும், வலியையும் தவிப்பையும் பிரித்துப் பார்க்கும் இந்த விஷயம் முக்கியமாக இருந்தது.

2010-ல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வொர்த்தும் கில்பர்ட்டும் ‘சயின்ஸ்’ இதழில் மனம் அலைவதைப் பற்றி ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 2,250 பேரை ஐபோன் வழியாக நினைத்த நேரத்தில் கூப்பிட்டு, இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். கேட்ட சமயங்களில் 46.9 சதவீதத்தில் மனம் கையிலிருந்த வேலையில் இல்லை. அப்படி அலைந்தவர்களுக்குச் சந்தோஷம் குறைவாகவே இருந்தது. இனிமையான நினைவில் திளைத்தவர்கள்கூட, செய்யும் வேலையில் மனம் வைத்தவர்களைவிட அதிகச் சந்தோஷமாக இல்லை. பகல்கனவுக்கு வக்காலத்து வாங்குபவர்கள் (நானும் அந்தக் கட்சிதான்) இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கோயங்காவின் தலைவலி போய்விட்டது. 1969-ல் இந்தியா வந்து கற்றுக்கொடுக்க ஆரம்பித்தார். 1994-ல் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே முகாமில் உட்கார்ந்தார்கள். ஆனாலும் இதைச் சர்வரோக நிவாரணியாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தீவிர மனநோய் உள்ளவர்களுக்கு இந்த முகாம் ஏற்றதல்ல என்று அந்த மையங்களே சொல்கின்றன. அவர்கள் போக வேண்டியது டாக்டரிடம்.

இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பவர்கள் ஊ பா கின்னின் உத்தியோகத்தையும் பார்க்கலாம். அவர் துறவி அல்ல. சுதந்திர பர்மாவின் முதல் அக்கவுண்டன்ட் ஜெனரல். தன் ஆபீஸிலேயே ஊழியர்களுக்குத் தியானம் கற்றுக்கொடுத்தார். ஓய்வு வயது வந்த பிறகும் அரசாங்கம் அவரை விடவில்லை. ஒரே சமயத்தில் பல துறைகளைத் தலையில் கட்டியது. ரங்கூனில் தியான மையத்தையும் நடத்திக்கொண்டு, 1967 வரை கோப்புகளையும் பார்த்துக்கொண்டிருந்தார் மனிதர்.