மால்பெஸில் விதைத்த ஆயர்

1990 இல் வீரமுனையை விட்டு ஓடி, முகாம்களில் நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்ற கமக்காரருக்கு ஒன்றை நாம் விளக்க வேண்டியதில்லை. பசியைவிடச் சுடுவது, சொந்தக் கையால் விளைவித்து உண்ண முடியாத நிலை. இதைப் புரிந்திருந்த ஓர் ஆயரைப் பற்றி எழுதுகிறோம்.

தானியேல் கொம்போனி 1831 மார்ச் 15 இல் இத்தாலியின் லிமோனே என்னும் ஏரிக்கரைக் கிராமத்தில் பிறந்தார். பெற்றோர் ஒரு செல்வந்தரின் தோட்டத்தில் உழைத்தவர்கள்; நம் பக்கத்தில் போடியாரின் வயலைச் செய்யும் முல்லைக்காரரைப் போல என்று வைத்துக்கொள்வோம். எட்டுப் பிள்ளைகளில் மிஞ்சியவர் இவர் ஒருவரே. அந்த ஒரே பிள்ளையையும் ஆபிரிக்காவுக்கு விட்டுக்கொடுத்த தாய் தகப்பனை நாம் மறந்துவிடக் கூடாது.

1857 இல் இளம் குருவாகச் சூடானுக்குப் புறப்பட்டார். உடன் சென்றோரிற் சிலர் காய்ச்சலில் மடிய, இவரும் நோயாளியாகத் திரும்பினார். வெளிநாட்டவரை அனுப்பிச் சாகக் கொடுப்பதில் பயனில்லை, ஆபிரிக்கரே ஆபிரிக்காவை மீட்க வேண்டும் என்று 1864 இல் ஒரு திட்டம் எழுதினார். உள்ளூர் ஆண்களையும் பெண்களையும் ஆசிரியராக, தொழிலாளராக, குருக்களாகப் பயிற்றுவது அத்திட்டம். அக்காலத்தில் இது பெரிய பேச்சு. நம் கிழக்கில் 1893 இல் உருவான திருகோணமலை மறைமாவட்டத்துக்கு இந்நாட்டவர் ஒருவர் ஆயராக வந்தது 1974 இல்தானே!

எல் ஒபெயிட் நகருக்கு அப்பால் மால்பெஸ் என்னும் இடத்தில், அடிமைத்தளையிலிருந்து மீண்டோரைக் குடும்பங்களாகக் குடியேற்றிப் பயிர்செய்ய வைத்தார்கள். அவர்களுக்கு முழு உரிமை இருந்தது என்று சொல்லமாட்டோம். மிசனின் பிடி இருந்தது. ஆயினும் விலைக்கு விற்கப்பட்டவன் தன் தானியத்தைத் தானே அறுத்தான்.

1877 இல் கொம்போனி ஆயரானார். மறு ஆண்டு பஞ்சமும் கொள்ளைக் காய்ச்சலும் வந்தன. எல் ஒபெயிட்டில் தண்ணீரையே விலை கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. குருக்களும் சகோதரிகளும் ஒருவர்பின் ஒருவராக இறந்தனர். ஆயரும் 1881 ஒக்டோபர் 10 இல் கார்ட்டூமில் 50 வயதில் காலமானார்.

1883 இல் எல் ஒபெயிட் மகதியின் படையிடம் வீழ்ந்தது, மால்பெஸும் நிலைக்கவில்லை. ஆனால் எசமானிடமிருந்து தப்பி 1873 இல் அந்நகர மிசனுக்கு ஓடிவந்த டிங்கா இனச் சிறுவன் தானியேல் சொரூர் 1887 இல் குருவானார்.

கொம்போனி 2003 இல் புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் நடந்த அதே சூடானில், 2023 ஏப்ரலில் தொடங்கிய போரினால் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் வீடுவாசலும் வயலும் விட்டு அகன்றனர்.