கிள்ளான் எல்.ஆர்.டி.: நிலையங்கள் குறைந்ததும் கூடியதும் ஏன்?

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்சுக்கு வேலைக்குச் செல்வோருக்கு நெடுங்காலமாகக் கைகொடுத்து வருவது கேடிஎம் கொமுட்டர் ரயில். ஆனால், ஸ்ரீ அண்டலாஸ், பண்டார் புக்கிட் திங்கி போன்ற குடியிருப்புகள் அந்தத் தண்டவாளத்திலிருந்து தள்ளியே இருக்கின்றன. அந்தக் குறையைப் போக்கத் திட்டமிடப்பட்டதே எல்.ஆர்.டி.3 எனப்படும் ஷா ஆலம் வழித்தடம். பண்டார் உத்தாமாவிலிருந்து ஜொஹான் செத்தியா வரை ஏறத்தாழ 37 கிலோமீட்டர். கிள்ளான் பயணி கிளென்மேரியில் கிளானா ஜெயா ரயிலுக்கு மாறினால் கே.எல். சென்ட்ரலை அடையலாம்.

முதலில் 26 நிலையங்கள் திட்டமிடப்பட்டன. 2018-இல் மொத்தச் செலவு 3,165 கோடி வெள்ளியை எட்டும் எனக் கணக்கிடப்பட்டதும், அரசாங்கம் அதை 1,663 கோடியாகக் குறைத்தது. ஆறு பெட்டி ரயில்கள் மூன்று பெட்டிகளாயின. ஷா ஆலமில் அமையவிருந்த சுரங்கப் பாதை கைவிடப்பட்டது. ஆறு நிலையங்கள் நீக்கப்பட்டன. 2020-இல் முடிய வேண்டிய பணி 2024-க்குத் தள்ளிப் போடப்பட்டது. அதையும் தாண்டித் தாமதமானது.

பின்னர் 2024 வரவு செலவுத் திட்டத்தில், புக்கிட் ராஜா, பண்டார் பொட்டானிக் உள்ளிட்ட ஐந்து நிலையங்கள் மீண்டும் கட்டப்படும் எனப் பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். அதற்குச் சுமார் 470 கோடி வெள்ளி ஆகும் என மதிப்பிடப்பட்டது.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? டிக்கெட் வசூலில் ரயில் பாதை கட்ட முடியாது. நிதியமைச்சுக்குச் சொந்தமான பிரசரானா நிறுவனம், அரசாங்க உத்தரவாதத்துடன் சுக்குக் பத்திரங்கள் வெளியிட்டுக் கடன் திரட்டுகிறது. நிறுவனத்தால் கட்ட முடியாவிட்டால் அரசாங்கம் கட்ட வேண்டும். அதாவது மக்களின் வரிப்பணம். 50 வெள்ளிக்கு 30 நாள் பயணம் தரும் மை50 அட்டைக்கும் அரசாங்க உதவி தேவைப்படுகிறது.

ஆகவே, நிலையம் கூடினால் நாட்டின் கடன் கூடும். நிலையம் இல்லாவிட்டாலோ, அந்தச் செலவு குடும்பத்தின் தலையில் விழும்: இன்னொரு மோட்டார் சைக்கிள், பெட்ரோல், கார் நிறுத்தக் கட்டணம். தோட்டத்தை விட்டு வெளியேறிப் பட்டணத்து ஓரங்களில் குடியேறிய குடும்பங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும்.

மக்கள் பேச ஒரு வாய்ப்பு உண்டு. 2010-ஆம் ஆண்டு தரைப் பொதுப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழ், புதிய ரயில் திட்டங்கள் மூன்று மாதம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்படுகின்றன. எல்.ஆர்.டி.3 திட்டம் 2015-இலும், எம்.ஆர்.டி.3 திட்டம் 2024 செப்டம்பர் முதல் டிசம்பர் வரையிலும் அப்படி வைக்கப்பட்டன. நிலையம் எங்கே அமைய வேண்டும், நடைபாலம் எந்தப் பக்கம் இறங்க வேண்டும், இணைப்புப் பேருந்து எந்தத் தாமானுக்குள் வர வேண்டும் என்பதையெல்லாம் எழுத்து மூலம் தெரிவிக்கலாம்.

குடியிருப்பாளர் சங்கங்களும், ஆலய நிர்வாகங்களும், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கங்களும் ஒன்றாக எழுதினால் அந்தக் குரலுக்கு வலு கூடும். குத்தகை கையெழுத்தான பிறகு ஒரு நிலையத்தைக் கேட்டுப் பெறுவதற்கு எவ்வளவு செலவாகும் என்பதற்கு அந்த ஐந்து நிலையங்களே சான்று.