எஃகுக்கும் முதுமை உண்டு

தேனி மாவட்டத்தவராகிய நமக்கு மின்சாரம் என்றதும் லோயர்கேம்ப் பெரியாறு நீர்மின் நிலையமே நினைவுக்கு வரும். ஆயினும் நம் மின்கம்பிகளில் கூடங்குளத்து அணுமின்சாரமும் கலந்தே ஓடுகிறது. அங்கு 1000 மெகாவாட் ஆற்றலுள்ள முதல் உலை 2013ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கியது. அத்தகைய உலையின் எரிபொருளைத் தாங்கும் எஃகுக் கலனைப் பற்றி, அன்புத் தோழியரே, இங்கு எழுத விழைகின்றோம்.

இக்கலனின் சுவர் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் தடிமன் உடையது. உள்ளே சுமார் 300 பாகை சென்டிகிரேடு வெப்பமுள்ள நீர், வளிமண்டலத்தைப் போல் 150 மடங்குக்கு மேற்பட்ட அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. பம்பு பழுதானால் மாற்றலாம், குழாயையும் மாற்றலாம். கலனை மாற்றுவது நடவாத காரியம். ஆகவே கலனின் ஆயுளே உலையின் ஆயுள் எனலாம்.

அதனை முதுமையடையச் செய்வது நியூட்ரான். (போடி மலைப்பக்கம் பொட்டிப்புரத்தில் ஆய்வகம் அமைக்கத் திட்டமிட்டார்களே, அது நியூட்ரினோவுக்காக. நியூட்ரினோ பூமியையே துளைத்துக்கொண்டு ஓசையின்றிப் போய்விடும். நியூட்ரானோ மோதும்!) காலை வழிபாட்டுக் கூட்டத்தில் வரிசையாக நிற்கும் மாணவியர்மீது ஒருத்தி ஓடிவந்து மோதினால் என்ன ஆகும்? ஓர் இடம் காலியாகும். வேறோர் இடத்தில் நெரிசல் உண்டாகும். எஃகின் அணு வரிசைகளிலும் இதுவே நிகழ்கிறது. எஃகில் கலந்துள்ள சிறிதளவு செம்பும் ஆங்காங்கே திரண்டுகொள்கிறது. அணு வரிசைகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குவதால்தான் எஃகு வளைகிறது. அவ்வழியில் இத்தடைகள் குறுக்கே நிற்பதால் எஃகு வளைய மறுக்கிறது. அதாவது, முன்னைவிடக் கடினமாகிறது. ஆனால் அடி தாங்கும் உறுதி குறைகிறது. கொல்லர் பட்டறையில் தோய்ச்சல் மிகுந்துபோன அரிவாள் கல்லில் பட்டதும் தெறிப்பதை நம் ஊரார் அறிவர்.

இவ்வகை எஃகு குறிப்பிட்ட ஒரு வெப்பநிலைக்குக் கீழே குளிர்ந்தால் நொறுங்கும் இயல்புடையது. புதுக் கலனுக்கு அந்த வெப்பநிலை மிகத் தாழ்வானது. நியூட்ரான் மோத மோத அது உயர்ந்துகொண்டே வரும். சில பழைய ரஷ்ய உலைகளில் 100 பாகையையும் தாண்டியதுண்டு. உலை சூடாக இயங்கும்போது அச்சமில்லை. விபத்து நேர்ந்து, எரிபொருளைக் காக்கக் குளிர்ந்த நீரைப் பாய்ச்சும் வேளையே சோதனை வேளை. சுவரின் உட்புறம் சட்டெனச் சுருங்கும். வெளிப்புறம் சூடாகவே இருக்கும். சுவரில் முன்பே ஒரு சிறு விரிசல் இருந்தால் அது ஓடத் தொடங்கலாம். காப்பாற்ற வந்த தண்ணீரே பகையாகும் விந்தை இது!

இதை முன்கூட்டியே அறிவது எப்படி? கலனைச் செய்த அதே எஃகில் 55 மில்லிமீட்டர் நீளமுள்ள துண்டுகளை வெட்டி, கலனுக்குள்ளேயே வைத்துவிடுகிறார்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சிலவற்றை எடுத்து, ஊசல் போன்ற சம்மட்டியால் அடித்து முறிக்கிறார்கள். முறிக்க எவ்வளவு ஆற்றல் செலவாயிற்று என்பதே கணக்கு. 1969இல் தொடங்கிய தாராப்பூர் உலைகளின் துண்டுகளைப் பாபா அணு ஆராய்ச்சி மையத்தார் இவ்வாறே ஆராய்ந்தனர்.

மருந்தும் உண்டு. ரஷ்யாவின் நோவோவோரோனேஷ் நிலையத்தில் 1987இல் ஒரு கலனின் சுவரை 430 பாகை அளவில் பல நாள் சூடேற்றினர். இடம் பெயர்ந்த அணுக்கள் பெரும்பாலும் ஒழுங்குக்கு வர, எஃகு இழந்த உறுதியில் பெரும்பகுதியைத் திரும்பப் பெற்றது. உலை மீண்டும் இயங்கியதும் நியூட்ரான்களும் மீண்டும் மோதத் தொடங்கின. ஆகவே துண்டுகளை முறித்துப் பார்க்கும் வேலைக்கு ஓய்வில்லை.